கடைசி அத்தியாயத்துக்கு ஈடாக ஒரு பக்கம்

மழையென்றும் மஞ்சென்றும் பாராமல் மலைமக்கள் மனைதோறும் மருந்தோடு நடந்தவரே, செய்தித்தாளும் கையுமாகச் சேவையில் சிறந்தவரே, பாச்சலூர் மலையின் நர்சம்மா, ஞானம்மா அவர்களே, வணக்கம்.

தங்களைத் தங்களிடமே புகழ்வதைவிட, தங்களைப் பற்றி இந்த அவைக்குச் சொல்வது எங்களுக்கு எளிது. ஆகையால் சற்று நேரம் தாங்களும் அவையில் ஒருவராக அமர்ந்து கேட்டருள வேண்டுகிறோம்.

ஞானம்மா அவர்களின் படிப்புப் பழக்கம் இம்மலை அறிந்தது. பேருந்தில் ஏறிவரும் நாளிதழ் அவர் கைக்கு வர மதியமாகிவிடும். தலைப்புச் செய்தி முதல் ஏலம், டெண்டர், நினைவஞ்சலி வரை ஒரு வரி விடமாட்டார். அலமாரியில் விரிக்கும் பழைய தாளையும் படித்து முடித்த பிறகே விரிப்பார். வடை மடித்த தாளில் செய்தி பாதியில் நின்றால், மீதியைக் கேட்டு டீக்கடை வேலுச்சாமியிடம் ஆளனுப்புவார்.

வார இதழ்களின் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்டு வைப்பதும் அவர் வழக்கம். ஊசிக்குக் காத்திருப்போர் அமரும் பெஞ்சில் அந்தப் பைண்டுகள் கிடக்கும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் கடைசி அத்தியாயம் கிடையாது.

அந்த அத்தியாயம் அச்சான இதழ் வந்த நாளில் நல்ல ஐப்பசி மழை. பிரிக்காத இதழைப் பையில் வைத்துக்கொண்டு, தடுப்பூசி போட மேட்டுக் குடியிருப்புக்குப் போயிருந்தார் ஞானம்மா. ஆட்டுக்குத் தழை ஒடிக்க மரமேறி விழுந்த தன் ஏழு வயது மகளை அழகர் என்பவர் அங்கே தூக்கி வந்தார். வலது முன்கை முறிந்திருந்தது. பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோக, பிள்ளையை நடந்தே இறக்க வேண்டிய நிலை. கைக்கு அண்டை கொடுத்துக் கட்ட ஒரு மட்டையும் இல்லை.

இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் காத்திருந்து படித்த கதையின் முடிவு பையில் இருந்தது. ஞானம்மா அதை வெளியே எடுத்து அட்டையை ஒரு முறை பார்த்தார். பிறகு முறிந்த கையைச் சுற்றி அதை வளைத்து, தம் சேலை ஓரத்தைக் கிழித்துக் கட்டினார்.

"கைய அசைக்காத தாயி. கதை ஒன்கூட வருது, சூதானமாக் கொண்டு போ" என்றார்.

தம் குடையை அந்தக் கைக்கு மட்டும் பிடித்தபடி, விரல்கள் நீலம் பாரிக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே உடன் நடந்தார். கீழே ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது இதழ் குப்பைக்குப் போயிற்று.

அதன்பின் பைண்டைப் படித்தவர்களெல்லாம் வந்து, "முடிவு என்னாச்சுங்க நர்சம்மா?" என்று கேட்பார்கள்.

"கை நல்லாச் சேந்துருச்சு" என்பார். கேட்டவர்கள் விளங்காமல் போவார்கள். ஆயினும் இன்றுவரை பழைய புத்தகக் கடை எதைக் கண்டாலும் அவர் கால்கள் நின்றுவிடும். அந்த முடிவு தெரியாத ஏக்கம் அவருக்கு உண்டு என்பதை நாங்கள் அறிவோம்.

நர்சம்மா, தங்கள் பணிநிறைவு விழாவுக்காக வத்தலக்குண்டு, பழனி, மதுரை எங்கும் அந்த இதழைத் தேடினோம். கிடைக்கவில்லை. ஆதலால் இம்மடலுக்கு நாங்கள் கண்ணாடிச் சட்டம் போடவில்லை. வார இதழின் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் தைக்க இடம் விட்டிருக்கிறோம். அந்தப் பைண்டின் கடைசிப் பக்கமாக இதைத் தங்கள் கையாலேயே தைத்துவிட வேண்டுகிறோம்.

கண்ணொளி குன்றாமல், கால்வலி அண்டாமல், நாளொரு நாளிதழும் வாரமொரு வார இதழுமாகத் தாங்கள் நெடுங்காலம் நலமுடன் வாழ வேண்டும்,

தங்கள் சுகாதார நிலையப் பணியாளர்கள்.

எழுதியவர்: சுமலதா, மருந்தாளுநர், அழகரின் மகள். அதே வலது கையால்.