யாருடைய கையெழுத்து

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு தோழிகள். ஜன்னலோரம் இருந்தவள் போன வாரம் மூன்றாவது கருவைக் கலைத்தவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"உம்புருசன் ஒத்துக்கினானா?" என்றாள் மற்றவள்.

"எங்க? என்னைக் கேக்காம எப்டி கலைப்பீங்கன்னு ஆஸ்பத்திரில குதிச்சான். உங்க சம்சாரம் கையெழுத்தே போதும்னு டாக்டரம்மா சொல்லிச்சு."

"அப்புறம்?"

"இனிமே புள்ள வேணாம்னா நீங்க ஆபரேஷன் பண்ணிக்கலாம், சின்னதுதான்னு அவனாண்ட சொல்லிச்சு. மூஞ்சே வெளுத்துப் போச்சு."

"இன்னா சொன்னான்?"

"'என் உடம்பு மேடம், நான்தான் முடிவு பண்ணணும்'னான். டாக்டரம்மா சிரிப்ப அடக்கிகினு பேனாவ என் கையில குடுத்துச்சு."