தொப்பி போடாத அருணாதேவி டீச்சருக்கு

மைதானத்தின் மாண்பே! மாணவியர் மனம் வென்ற மங்காச் சுடரே! விடியுமுன் வந்து விளக்கேற்றும் வேளைவரை நின்று, வெயிலை விரிப்பாக்கி, விசிலை மொழியாக்கி, முப்பத்தோர் ஆண்டுகள் எம் மகளிர் மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியையாய் ஓங்கி நின்று, இன்று ஓய்வென்னும் நிழலில் ஒதுங்கவிருக்கும் அருமைத் தோழி அருணாதேவி அம்மையீர் அவர்களே! வணக்கம்.

நிழல் என்று எழுதும்போதே கை தயங்குகிறது. தாங்கள் நிழலில் நின்று நாங்கள் பார்த்ததில்லை.

மரபுப்படி இனி தங்கள் நற்பண்புகளை அடுக்க வேண்டும். அடுக்குகிறோம். ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது, காரணம் பின்னால் வரும். முன்வரிசையில் தங்கள் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலியைத் தாங்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பீர்கள் என்றும் தெரியும். அதற்கும் கடைசியில் பதில் உண்டு.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்த பிள்ளைகளைக் கோ-கோ களத்தில் இறக்கிக் கோப்பை ஏந்த வைத்த கொற்றவையே! வயதுக்கு வந்த பெண்ணை ஓட விடமாட்டேன் என்று தடுத்த தகப்பன்மார் வீடுகளுக்கெல்லாம் தாங்களே நடந்து போனீர்கள். "பொண்ணு ஓடுனா என்னா கெட்டுப்போச்சு? ஓடட்டும் உடுங்க" என்ற ஒரே பேச்சில் அவர்களை ஒத்துக்கொள்ள வைத்தீர்கள். அந்தப் பெண்களில் சிலர் இன்று காக்கிச் சட்டையோடு வந்து இந்தப் பந்தலில் அமர்ந்திருக்கிறார்கள். விசில் ஊதினால் எதிர்க்கேள்வி கூடாது என்பதே தாங்கள் வகுத்த ஒரே சட்டம். ஒருநாள் இறைவணக்கக் கூட்டத்தில் தாங்கள் ஊதிய ஊதலில் தலைமையாசிரியை சந்திரம்மாள் அவர்களே விறைத்து நின்றதை ஊரறியும்.

இவ்வளவும் புகழ். இனிமேல் எழுதுவது கவலை.

மூன்றாண்டுகளுக்கு முன் தங்கள் இடக் கன்னத்தில் ஒரு புண் வந்தது. பரு என்றீர்கள், மஞ்சள் அரைத்துப் பூசினீர்கள். ஆறாமல் ஓரம் தடித்தபோது, தங்கள் கணவர் வேடியப்பன் அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி வேலூருக்கு அழைத்துப் போனார். தோல் புற்றுநோய் என்றார்கள். அறுத்து எடுத்தார்கள், நல்லவேளை, பரவவில்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரக்கூடும் என்பதால் மருத்துவர் இரண்டே இரண்டு சொன்னார். வெயிலில் முகமும் காதும் மறையத் தொப்பி போட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். தையல் பிரித்த வாரமே தாங்கள் மைதானத்தில் நின்றீர்கள், தொப்பி இல்லாமல்! கேட்டதற்குத் தாங்கள் சொன்ன பதில் இது. "தொப்பி போட்டா என் கண்ணு அவளுங்களுக்குத் தெரியாது. கண்ணு தெரியலன்னா ஓட மாட்டாளுங்க."

தொப்பிக்குப் பதிலாகத் தங்கள் கைப்பைக்குள் மாத்திரை டப்பா வந்தது. செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை. வெயில் பட்டால் உடம்புக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றொன்று ஏறி செல்களைச் சிதைக்கிறது, இம்மாத்திரை அதைத் தணிக்கிறது என்று டப்பாவில் இருந்ததைத் தாங்கள் மனப்பாடமாய்ச் சொன்னீர்கள். "வெளிய போடுற தொப்பிய விட உள்ள போடுற தொப்பி ஜாஸ்தி காப்பாத்தும்" என்றும் சொன்னீர்கள். நாங்களும் தலையாட்டினோம்.

தலையாட்டியதோடு விட்டோமா? எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் தன் டிபன் பாக்ஸில் தானே சாப்பிடுவதில்லை, எல்லாம் நடுவில் வைத்துப் பங்கு போடுவதே வழக்கம். அந்த வழக்கத்தின்படி, தயிர்சாதம் முடிந்ததும் தாங்கள் ஆளுக்கொரு மாத்திரையை உள்ளங்கையில் வைப்பீர்கள். தீர்த்தம் வாங்குவதுபோல் வலக்கையைக் குவித்து வாங்கினோம். கணக்கு டீச்சர் கண்ணில் ஒற்றிக்கொண்டே விழுங்குவார். தங்கள் பிறந்தநாளுக்கு என்ன பரிசு என்ற குழப்பமே எங்களுக்கு வந்ததில்லை, ஒரு டப்பா போதும். இந்த விழாவுக்கும் மோதிரம் வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், ஓராண்டுக்குத் தேவையான டப்பாக்களைக் கூடையில் அடுக்கி ரிப்பன் கட்டித் தருவோம் என்று ஒருமனதாய்த் தீர்மானித்து வாங்கியும் வந்துவிட்டோம். அன்பு கண்ணை மறைத்தது என்று நாகரிகமாகச் சொல்லலாம். அசட்டுத்தனம் என்பதே சரி.

எங்கள் உயிரியல் ஆசிரியை மதிவதனிக்கு மட்டும் அந்தக் கூடையைப் பார்த்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு, வேடியப்பன் அண்ணனோடு வேலூர் போய்த் தங்கள் மருத்துவரிடமே கேட்டு வந்தார். தாங்கள் மைதானத்தில் இருந்த நேரத்தில் அறைக் கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் சொன்னார். "செல்லுக்குள்ள சேதம் நடக்கறது நெசந்தான். ஆனா கெட்ட செல்லு ஒண்ணு ரெண்டு மிச்சம் இருந்தா, அதையும் அந்த அழுத்தந்தான் அடக்கி வெச்சிருக்கலாமாம். மாத்திரை நல்ல செல்லு, கெட்ட செல்லுன்னு ஆள் பாத்துக் காப்பாத்தாதுங்க."

ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி பேசவில்லை என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லையாம். அதிக அளவு மாத்திரையால் தோல் புற்று மீண்டும் வராமல் நின்றதாக உறுதியான சான்று இல்லை, சில ஆய்வுகளில் கெடுதலாகக்கூட முடிந்திருக்கிறது என்றாராம். நெல்லிக்காயும் கொய்யாவும் முருங்கைக்கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம், இந்த டப்பாவைத் தன்னைக் கேட்காமல் தொடக்கூடாது, தொப்பிக்கும் சோதனைக்கும் அது ஈடாகவே ஆகாது என்பதுதான் அவர் முடிவாகச் சொன்னது.

அருணாதேவி அம்மையீர்! தாங்கள் சோதனைக்குப் போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. தங்கள் வலக் காதின் மேல் விளிம்பில் செதில்போல் ஒன்று வந்திருக்கிறது. காய்கிறது, உதிர்கிறது, ரத்தம் கசிகிறது, மறுபடி காய்கிறது. தலைமுடியை இழுத்து மூடுகிறீர்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாமல் போகுமா? கேட்டால் வேர்க்குரு என்கிறீர்கள். "மாத்திரை போடுறேன்ல, எனக்கு வராது" என்கிறீர்கள். உடனே கூட்டிவரும்படி மருத்துவர் சொன்னதை அண்ணன் சொன்னபோது விளையாட்டு விழா என்றீர்கள், பிறகு மாவட்டப் போட்டி என்றீர்கள். கடைசியாக, "ரிடையர் ஆவட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று முடித்துவிட்டீர்கள். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அதை அலங்காரமாக எழுதத் தெரியவில்லை.

அம்மையீர், தாங்கள் இன்று ரிடையர் ஆகிவிட்டீர்கள்.

டப்பாக் கூடையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம். தங்கள் முன் தட்டில், பொன்னாடைக்குக் கீழே இருப்பது அகல விளிம்புத் தொப்பி. தங்கள் கண் தெரியுமா என்று மாணவியரை நிற்கவைத்துப் பார்த்தே வாங்கினோம், நன்றாகவே தெரிகிறது. இந்த மடலைச் சட்டமிட்டு, தாங்கள் வீட்டில் மாத்திரை வைக்கும் அலமாரிக்கு நேர் எதிரே மாட்டப் போகிறோம். அண்ணன் ஆணி அடித்துவிட்டார்.

ஓய்வு பெறுபவரை மாலையோடு காரில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கி விடுவது நம் வழக்கம். பள்ளி வாசலில் கார் நிற்கிறது. ஆனால் இன்று அது வேங்கிக்காலில் தங்கள் தெருப்பக்கம் திரும்பாது, நேரே வேலூர் போகும். பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவர் காத்திருப்பார். மாற்றுப் புடவையோடு பின்சீட்டில் வேடியப்பன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் இங்கே அந்த நாற்காலி காலி. மதிவதனி முன்சீட்டில். மற்றவர்கள் வேனில் பின்னால் வருகிறோம்.

காதில் இருப்பது வெறும் வேர்க்குருவாகவே இருக்கட்டும்! இல்லையென்றாலும் முளையிலேயே கிள்ளப்படட்டும்! தாங்கள் ஓடவைத்த பெண்களின் பேத்திகளும் ஓடுவதை, நல்ல கண்ணோடும் நல்ல காலோடும் நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்து தாங்கள் பார்க்க வேண்டும்!

நேற்று மாலை தங்கள் விசிலைத் தலைமையாசிரியையிடம் ஒப்படைத்தீர்கள். இம்மடலின் கடைசிச் சொல் முடிந்ததும் அவர் அதை ஊதுவார்.

சட்டம் தங்களுக்குத் தெரியும்.

தங்கள் விசிலுக்கு என்றும் கட்டுப்பட்ட
ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்,
எழுதி வாசிக்கும் தமிழாசிரியர் செழியன்,
திருவண்ணாமலை.

ஊதுங்கள், தலைமையாசிரியை அம்மா.