பூச்சி விழாத விளக்கு

காளைன்னா கொம்புதாம்மா கஷ்டம். சிங்கத்துக்குப் பிடரி சுலுவு, நூல சுருட்டி சுருட்டி விட்டா ஆச்சு. கொம்பு அப்பிடி இல்ல. நேரா நிக்கணும், இல்லன்னா காளை கழுதையாப் பூடும். ஒக்காருங்க, இந்தப் பலகைல ஒக்காருங்க. மலைப்பாறை சூடு பூரா இந்தத் தெருவுலதான் எறங்கும், கோட்டைக்கு அடியில குடியிருந்தா அப்பிடித்தான். மோரு கரைச்சித் தரட்டா? வாணாமா? சரி.

ஆமாம்மா, ஒங்க வூட்டு சிங்க வெளக்கு நான் பின்னினதுதான். போன தீபாவளிக்கு முன்னாடி ஒங்க ஆளு தனகோட்டி வந்தான். மேல்சித்தாமூர்ல பெரிய வூட்டம்மா கேக்கறாங்க, பூசை ரூம்புல மகாவீரர் படத்துக்குப் பக்கத்துல வெக்கறதுக்கு அவரு சின்னம் சிங்கம் ஒண்ணு வோணும்னான். யாரு, பார்சுவநாதன் அம்மாவான்னு கேட்டேன். ஆமான்னான். அப்பிடின்னா எங்கிட்ட பின்னல் கத்துக்கிற பொண்ணுங்க கையில குடுக்கமாட்டேன், நானே பின்னித் தரேன்னு சொல்லியனுப்பிச்சேன்.

எப்பிடியா? ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. பஸ் ஸ்டாண்டுல குடை ரிப்பேர் பண்றாரே பாண்டுரங்கன், அவரு பழைய குடைக்கம்பிய வளைச்சி சிங்கமாட்டம் ஒரு கூடு கட்டித் தந்தாரு. அதுக்கு மேல குரோஷா ஊசியால வெள்ள நூல்ல சட்டை பின்னி மாட்டணும். வாலுக்கு ஒரு நாளு, மூஞ்சிக்கு நாலு நாளு. மூஞ்சிய ரெண்டு தபா பிரிச்சேன். மொத தபா பூனையாட்டம் வந்துச்சி, ரெண்டாவது தபா எங்க அத்தையாட்டம் வந்துச்சி. சிரிங்க, சிரிங்க. வயித்துக்குள்ள ஒரு சின்ன பல்பு. பின்னலு நெருக்கமாப் போட்டேன், கொசு கூட உள்ள நுழையாது.

அதத்தான ஊரு பூரா சொல்லிகினு இருக்கிறீங்களாம்? எண்ண வெளக்குல எத்தினி பூச்சி வுழுந்து சாவுது, எங்க வூட்டு வெளக்குல ஒரு உசுரு போவாதுன்னு. கேள்விப்பட்டேம்மா. தீபாவளிப் பூசைக்கு வந்த சனமெல்லாம் அந்தச் சிங்கத்தையும் சேத்துக் கும்பிட்டுப் போச்சாமே. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? வருஷம் பூரா அத நெனச்சிகினே பொழுது போக்கறேன்.

கல்யாணமா? ஆவலம்மா. எங்க ஊரு தொண்டூரு. நைனா போனப்புறம் இங்க செஞ்சிக்கு வந்துட்டேன். ஏன் ஆவலயா? நல்லா கேட்டீங்க போங்க. என் மூஞ்சிய நல்லா பாருங்களேன். தெரியல? ஸ்ரீபால் பொண்ணும்மா நானு. சந்தனா. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒங்க புள்ளைக்குப் பொண்ணு பாக்க வந்தீங்களே.

ஆங், இப்ப ஞாபகம் வந்துட்சி பாருங்க.

மத்தியானமே வரேன்னீங்க. வரல. வந்தவங்களுக்குப் பரிமாறாம நாம வாயில வெக்கக் கூடாதுன்னு எங்கம்மா ஒருத்தரையும் சாப்புட வுடல. ஒங்க வண்டி அச்சு முறிஞ்சிப் போச்சு, பொழுது சாஞ்சப்புறம் வந்து எறங்கனீங்க. பொழுது சாஞ்சா நம்ம ஜைன சனத்துல ஒரு பருக்கை உள்ள போவக்கூடாது. காலையில இருந்து வெறும் வயிறு. ஒங்கள வுழுந்து கும்பிட்டு எழுந்தேன், தல சுத்திப் போச்சு. எங்கம்மா பயந்து போயி அடுப்படிக்கு இட்டுகினு போயி ரெண்டு மடக்கு பால ஊத்துனாங்க. பின்னாலயே வந்து எட்டிப் பாத்தீங்க.

இல்லன்னு சொல்லாதீங்கம்மா. பொழுது சாஞ்சி வாய நனைக்கிற பொண்ணு எங்க வூட்டுக்கு ஆவாதுன்னு கூடத்துல சொல்லியிருந்தா கூடப் போவுதுன்னு வுட்டிருப்பேன். நடுத்தெருவுல நின்னு சொன்னீங்க. லேட்டா வந்தது நீங்க, கெட்ட பேரு எனக்கு. அதோட வுட்டீங்களா? போற வர ஊர்லெல்லாம் சொன்னீங்க. அப்புறம் ஒரு வண்டி எங்க தெருவுல திரும்பல. நைனா அந்த ஏக்கத்துலயே போய்ச் சேந்தாரு.

ஒங்க புள்ள தலைய குனிஞ்சிகினு நின்னாரு. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. பொய்யி, இருக்குது. ஒங்க மேல இருக்கிறதுல கால்வாசி இருக்கும்.

பழைய கதையா? ஒங்களுக்குப் பழசும்மா. நான் தெனமும் அதுலதான் முழிக்கிறேன்.

எழுந்திரிக்காதீங்க. வந்த காரியத்த முடிச்சிகினு போங்க. ஊரு கோயில்ல ஆதிநாதர் பாதத்துல வெக்க அவரு சின்னம் காளை ஒண்ணு வோணும், அதே மாதிரி வோணும்னு கேட்டீங்க. ஒங்க மருமக அவங்களே ஒண்ணு பின்னி, வெறப்பா நிக்கறதுக்கு சவ்வரிசிக் கஞ்சி போட்டுப் பாத்தாங்களாம், மழை ஈரத்துல தொங்கிப் போச்சாம். தொங்கும்மா. கஞ்சிக்கு ஈரம் ஆவாது. என் சிங்கம் மட்டும் மழைக்காலம் பூரா எப்பிடி கல்லாட்டம் நின்னுச்சி, அந்தப் பக்குவத்த சொல்லுன்னீங்களே. சொல்றேன்.

கோழி முட்டைம்மா.

பக்கத்து வூட்டு வள்ளியம்மாகிட்ட பதினாறு முட்ட வாங்கினேன். வெள்ளக்கருவ தனியா எடுத்து, அடிச்சி, பின்னின சட்டைய அதுல நல்லா ஊற வெச்சி, கம்பிக்கூட்டுல மாட்டிக் காய வெச்சேன். கவிச்சி போவ ஒரு வாரம் வெயில்ல கெடந்துச்சி. அப்புறம் சாம்பிராணி காட்டித்தான் தனகோட்டி கையில குடுத்தேன். பதினாறையும் நானே ஒடச்சேன், இந்தக் கையாலதான். அதுக்கு முன்னாடி முட்டைய தொட்டது கூட கெடையாது. மூக்குல துணியக் கட்டிகினு ஒடச்சேன். அந்தப் பாவம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. எத்தினி பொறப்பு எடுத்தாலும் நானே கழிச்சிக்கிறேன்.

கோயிலுக்குன்னு கேட்டதாலதாம்மா சொல்றேன். ஒங்க வூட்டுக்குன்னு கேட்டிருந்தா, பேசாம இன்னொண்ணு செஞ்சி குடுத்திருப்பேன்.