கடைசிப் படம்

சாப்பிடும்போது பேசக்கூடாது என்று மச்சானிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. மென்றுகொண்டே பேசக்கூடாது என்றுதான் சொன்னேன். இதில் என்ன கொடுமை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

நான் ஸ்கேன் டாக்டர். படிக்கிற காலத்திலேயே புண், சளி, வாந்தி எதுவும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. படத்துக்கு நாற்றம் கிடையாது என்பதால்தான் இந்தத் துறைக்கு வந்தேன். வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

என் மனைவியின் அண்ணன் தனிக்கட்டை. ஓய்வு பெற்றதும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் காலையில் அவர் காறித் துப்புகிற சத்தத்தில் காபியைப் பாதியிலேயே வைத்துவிடுவேன். வெட்டிய கால்நகத்தைப் பூந்தொட்டியில் போடுவார். பல்செட்டைக் கழற்றி நான் தண்ணீர் குடிக்கிற டம்ளரில் ஊறவைப்பார். ஒருநாள் என் டூத்பிரஷ் ஈரமாக இருந்தது. பல்செட்டை அதால்தான் தேய்த்திருக்கிறார்.

"நமக்குள்ள என்ன மாப்ள எச்சில்?" என்று பொக்கை வாயோடு சிரித்தார்.

மனைவியிடம் சொன்னேன். "சும்மா நை நைனு பண்ணாதீங்க. எங்கண்ணன்தான் என்னை வளர்த்தாரு. அவரு போனா நானும் கூடவே போயிடுவேன்" என்றாள். அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு அவருக்கு இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று ஆரம்பித்தது. நானே ஸ்கேன் எடுத்தேன். மண்ணீரலில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. ரத்தக்குழாய்கள் சுருண்டு திரண்டு உண்டாகிற சாதுவான கட்டி அது. அந்த இடத்தில் பார்ப்பது அபூர்வம். அதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். மருந்தை ஏற்றியதும் எடுக்கிற படத்தில் ஓரம் மட்டும் வெளுக்கும். காத்திருந்து கடைசிப் படம் எடுத்தால், வெளுப்பு மெல்ல நடுவரை நிறைந்திருக்கும். அப்படி நிறைந்தால் புற்று என்று பயப்பட வேண்டியதில்லை, சும்மா விட்டுவிடலாம். ஊசி குத்திச் சதை எடுக்க மட்டும் கூடாது. குத்தினால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், நிறுத்துவது கஷ்டம்.

கடைசிப் படத்தில் நிறைந்திருந்தது. அவ்வளவு சுத்தமான படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் அறைக்கு வந்தேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். நுனியை முகர்ந்து பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"என்ன மாப்ள, மேல போக டிக்கெட் போட்டாச்சா?"

"பாத்துக்கலாம் மச்சான்" என்றேன். திரும்பிப் போய்க் கடைசிப் படத்தை அழித்தேன். புற்றாக இருக்கலாம், ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கவும் என்று எழுதினேன். அழித்ததையும் மெஷின் பத்திரமாக வைத்திருக்குமாம். நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஊசி குத்திச் சதை எடுக்கிற டாக்டர் கவனமானவர். போன் செய்தார். "சார், கடைசிப் படத்தைக் காணோமே. ரத்தக்குழாய்க் கட்டியா இருந்துடப் போகுது."

"ஆள் அசைஞ்சிட்டாரு, படம் சரியா வரல. அது இல்ல, நான் பாத்துட்டேன். தைரியமா குத்துங்க" என்றேன். சொந்த மச்சான் விஷயத்தில் பொய் சொல்வேன் என்று அவர் எப்படி நினைப்பார்? அவர்மேல் தப்பில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊசி குத்திய அன்று சாயங்காலமே மச்சான் செத்துப்போனார். மனைவி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். சட்டையெல்லாம் மூக்குச்சளி. நான் பொறுத்துக்கொண்டேன்.

தெரிந்தே கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று. ஊசி குத்துவதற்கு முன்னால், "பயமா இருக்கு மாப்ள, கூடவே இரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை வியர்வையில் பிசுபிசுவென்று இருந்தது. கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். உள்ளே நின்றிருந்தால் நிச்சயம் தடுத்திருப்பேன், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவர் தன் கையைத் துடைத்துக்கொண்டு பிடித்திருந்தால் மனிதர் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார்.