இடது கைக்கு எழுதியது

கடற்காற்றுக்குப் பியானோ சரிவராது, ஐயா. மாரி தொடங்கினால் மரம் ஊறிவிடும். அழுத்திய கட்டை அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். துறைமுகத்துக்கு அக்கரையில், வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்பில் இருக்கிற பியானோவும் அப்படித்தான். ஆட்டம் தொடங்குமுன் அதன் மூடியைத் திறந்து, உள்ளே ஒரு மின்விளக்கை எரிய விடுவேன். சூட்டில் கொஞ்சம் காயும். எங்கள் இசைக்குழுவில் மற்றவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அல்பிரட் சிரித்ததில்லை. விளக்கைப் பிடித்துத் தருவான்.

அவனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நாடு சுதந்திரம் வாங்கிய பிறகும் இங்கிலாந்துக் கடற்படை எங்கள் துறைமுகத்தில்தான் இருக்கிறது. அவர்கள் சனிக்கிழமைகளில் கிளப்பில் நடனம் ஆடுவார்கள். அதனால்தான் எங்களுக்கு வேலை. அல்பிரட் சக்சபோன். நான் பியானோ, அதோடு குழுவுக்கு இசையை எழுதிக் கொடுப்பவனும் நான்தான். ஒரு ஜாஸ் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இது றம்பெட்டுக்கு, இது றொம்போனுக்கு, இது சக்சபோனுக்கு என்று பிரித்து எழுதுவேன். அல்பிரட்டுக்கு எப்போதும் நல்ல இடங்களைத்தான் எழுதினேன். என் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன்.

போன வருடம் என் இடது கை பழுதாகத் தொடங்கியது. முதலில் சுண்டுவிரல், பிறகு அதற்கு அடுத்தது. நோவு இல்லை. விரல் இருக்கிறது, சொல் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பு என்று சொல்லித் தைலம் தந்தார்கள். எங்கள் இசையில் மாடாய் உழைப்பது இடது கைதான். கீழே ஓர் அடிச்சுரத்தைத் தட்டிவிட்டு, உடனே மேலே தாவி மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து அழுத்தி, திரும்பவும் கீழே ஓட வேண்டும். அந்த ஓட்டத்தின்மேல்தான் ஆட்கள் கால் வைத்து ஆடுகிறார்கள். கீழே தட்டுகிற விரல்தான் எனக்குப் போயிருந்தது.

நான் அதை எழுத்தில் மறைத்தேன். அடிச்சுரங்களை டபுள் பாஸ் வாசிப்பவனிடம் தள்ளினேன். றொம்போனுக்கு நீண்ட சுரங்கள் எழுதி அடிப்பகுதியை நிரப்பினேன். என் இடது கைக்கென்று நடுவில் இரண்டே சுரங்களை வைத்துக்கொண்டேன். பெருவிரலும் சுட்டுவிரலும் போதும். உள்ளதைச் சொன்னால் இசை முன்பைவிட நன்றாக வந்தது. இடைவெளி கிடைத்ததும் பாட்டு மூச்சு விட்டது. ஓர் அதிகாரி மேடைக்கே வந்து பாராட்டினார்.

அல்பிரட்டின் காதை ஏமாற்ற முடியவில்லை. ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் பியானோவில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"இக்னேசியஸ், உன்ர இடக்கை எங்கயடா போச்சுது?"

"எழுத்தை மாத்தினனான்."

"ஏன் மாத்தினனி எண்டும் எனக்குத் தெரியும்."

என் கையை எடுத்து விரல் விரலாக அழுத்திப் பார்த்தான். கண் கலங்கினான். அவன் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அன்றைக்கே என் வாழ்க்கையை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டான். அவனுடைய தங்கை கிறேஸ் கோயிலில் ஓர்கன் வாசிப்பவள், கெட்டிக்காரி. அவள் பியானோவில் இருக்கட்டும், நீ எழுதிக் கொடு என்றான். மாட்டேன் என்றேன். என் மனைவி மரியமலரிடம் போய்ச் சொன்னான். அவள் அவனுக்கு நன்றி சொல்லி அழுதாள். எதிரி என்றால் எதிர்த்து நிற்கலாம், ஐயா. ஒருவன் அன்பாக வந்து உங்களைக் கதிரையிலிருந்து எழுப்பினால் எதைப் பிடித்துக்கொள்வது?

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் இருவரும் மற்றவர்களுக்கு முன்பே படகுத்துறைக்கு வந்துவிட்டோம். கடற்படையின் மோட்டர் படகு வந்து எங்களை ஏற்றிப்போகும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கற்படி முழுக்கப் பாசி. அல்பிரட் சக்சபோன் பெட்டியின் வாரைத் தோளுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு கீழ்ப்படியில் நின்றான்.

"மச்சான், நான் பாண்ட் மாஸ்டரிட்டக் கதைச்சிட்டன். வாற கிழமை கிறேஸ் வருவாள். நீ குறை நினையாத. உனக்காகத்தான்."

"ஓம்," என்றேன்.

அவன் திரும்பும்போது வழுக்கித் தண்ணீரில் விழுந்தான். நான் தள்ளவில்லை. அதை வாக்குமூலத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் வளர்ந்தும் நீந்தத் தெரியாதவன். பழைய பெட்டிக்குள் தண்ணீர் ஏற, வார் அவனைக் கீழே இழுத்தது.

"கையைத் தாடா," என்றான்.

கொடுத்தேன். தூணில் தோளைச் சாய்த்துக் குனிந்து, இடது கையைக் கொடுத்தேன்.

அவன் விரலைப் பிடிக்கவில்லை. அதில் பலமில்லை என்று அவனுக்குத் தெரியும். மணிக்கட்டைப் பிடித்தான். நீங்கள் நினைத்தது சரி, இந்தக் கீறல்கள் அவனுடைய நகங்கள்தான். நல்ல பிடி. அந்தப் பிடியில் ஏறியிருப்பான். ஆனால் மணிக்கட்டில் பாரம் விழுந்தால் இறுக்கக் கூடாது, தளர்த்திச் சுழற்ற வேண்டும். பியானோவில் முதலில் பழகுவது அதைத்தான். நான் தளர்த்திச் சுழற்றினேன். பிடி வழுக்கியது. அவன் திரும்பவும் எட்டினான். என் முகத்தைப் பார்த்தான். நான் எழும்பி நின்றுவிட்டேன். சற்றுத் தள்ளி ஆட்கள் வள்ளத்திலிருந்து மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

மற்றவர்கள் வந்தபோது தண்ணீர் சும்மா கிடந்தது. அல்பிரட் எங்கே என்றார்கள். வரவில்லை என்றேன். படகில் போகும்போதே அவன் வாசிக்க வேண்டியதை றம்பெட்டுக்கும் என் வலது கைக்குமாகப் பிரித்து எழுதிவிட்டேன். அன்று ஆட்டம் குறையில்லாமல் நடந்தது. அடுத்த நாள் காலையில் கிறேஸ் வந்தாள்.

"அண்ணன் வீட்ட வரேல்ல. உங்களோடதானே வந்தவர்?"

"இல்லைப் பிள்ளை, நான் காணேல்ல. வருவான், பயப்பிடாத."

அவள் என்னை நம்பிப் போனாள். பிறகுதான் உடல் கரை ஒதுங்கியது.

அவனுக்கு இடது கையைக் கொடுத்த நேரம் என் வலது கை எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். காற்சட்டைப் பைக்குள் இருந்தது. குளிரில் விரல் விறைத்தால் வாசிக்க ஏலாது, அதனால் சூடாக வைத்திருந்தேன். மிஞ்சியிருந்தது அந்த ஒரு கைதான். அதையும் நான் பழுதாக்கிக்கொள்வதை அல்பிரட்டே விரும்பியிருக்க மாட்டான், ஐயா.