கடலில் விழுந்த விமானத்தின் சார்ஜ்

மாமல்லபுரத்தில் ஏறிய உப்புக் காற்று திருக்கழுக்குன்றம் தாண்டியும் பேருந்தை விட்டு இறங்கவில்லை. முன்னிருக்கையில் இருவர். ஒருவர் மடியில் பொம்மை விமானம் ஓட்டும் ரிமோட். அவர்தான் ஆரம்பித்தார்.

“கார் பேட்டரி இன்னிக்கும் எறங்கிடுச்சு மச்சான்.”

“யார்னா லைட்ட அணைக்காம வுட்டுருப்பீங்க.”

“சாவி எங்கிட்ட கீது. தம்பிதான் பீச்சுல பானெட்டத் தொறந்து, ஒயர மாட்டி, பிளேன் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துவான்.”

“கடல்ல வுழுந்த பிளேன எடுக்க நீந்திப் போனவன், ஒரு மாசமா திரும்பலியே.”

“ரிமோட்டப் பாரு. அந்த பிளேனோட சார்ஜ் காட்டுது. நேத்து பாதி. இன்னிக்கு ஃபுல்லு.”

மற்றவர் பார்த்தார்.

“பேஜாரு புடிச்ச வண்டி. வித்துடு.”

“வூட்லயும் அதான் சொல்றாங்க. வித்துட்டா அவன் எதுல சார்ஜ் போடுவான்?”