ஆட்டுக் கொட்டில் கொண்டி

நெல்லியடியில் பேருந்து ஏறி எனக்கு முன்னால் அமர்ந்த இரண்டு பெண்களில் இளையவர் சொன்னார்: "ஆட்டுக் கொட்டில் கொண்டியைத் துவக்கு எண்டு சொல்லி எங்கடை அவரைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது, அக்கா."

"என்ன விசர்க்கதை உது?"

"வெங்காயத் தறை கொத்தேக்கை கிடைச்ச கறள் பிடிச்ச இரும்பு. துவக்கின்ரை நடுத்துண்டு எண்டு எங்களுக்கென்ன தெரியும்? கதவுக்கு அளவாக் கிடந்துது, கொண்டியாப் போட்டிட்டார்."

"குழல் இல்லை, பிடி இல்லை. அது சுடுமே?"

"சுடத் தேவையில்லையாம். சட்டத்துக்கு அந்த ஒரு துண்டு காணும், அதுவே போதும் எண்டு லோயர் சொல்லுறார். அது இருந்தால் முழுத் துவக்கும் இருந்த மாதிரித்தானாம். இப்ப மிச்சத் துண்டுகள் எங்கை எண்டு கேட்டு அவரை விடுறாங்கள் இல்லை."

பேருந்து வல்லை வெளியைத் தாண்டியது. மூத்தவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"புதைகுழி தோண்டின இடத்திலை ஒரு எலும்பைக் கண்டிட்டு, காணாமப்போன என்ரை பெடியன்ரையோ எண்டு கேட்டனான். ஆள் ஆரெண்டு சொல்ல ஒரு துண்டு காணாதாம், தங்கச்சி."